டயட்டீஷியனுக்குத் தொப்பை இருக்கலாமா?

திருச்சியில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 80 கிலோவுக்கு மேல். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். தெரியாதவர்களும் என் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாலேயே போட்டுவிடுகிறார்கள்.

டாக்டரைப் பார்த்து முடித்து என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றுத் திட்டு வாங்கியவர்கள். கையில் லேப் ரிப்போர்ட் இருக்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஒன்பது, பத்து என்று எகிறியிருக்கும். அளவு காட்டுவதற்காக என் மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இட்லி, ஒரு கரண்டி சோறு, வாழைப்பழம், கோழித் துண்டு எல்லாம் தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். படித்தவர்கள் சுற்றி வளைத்து, "மேடம், நீங்களும் இந்த டயட்தான் ஃபாலோ பண்றீங்களா?" என்பார்கள். முசிறிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்குச் சுற்றி வளைக்கும் பழக்கமே இல்லை.

"ஏம்மா, மூணு இட்லிக்கு மேல வேணாங்கற. நீ எத்தனை சாப்பிடுவ?"

"நானும் மூணுதாங்கய்யா."

"அப்புறம் ஏன் இப்படி இருக்க?"

அவர் மனைவி, "சும்மா இருங்க, டாக்டரம்மாகிட்ட என்ன பேச்சு இது" என்று அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் டாக்டரம்மா இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டாயிற்று.

கண்டக்டர் கேட்டதில் தப்பில்லை. உபதேசம் செய்கிறவரைச் சந்தேகப்படுவது நம் ஊரில் ஒரு தற்காப்பு. எளிமையைப் பற்றிப் பேசும் அரசியல்வாதி, துறவைப் பற்றிப் பேசும் சாமியார், அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும் ஆசிரியர் என்று பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம் அது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று உதட்டைப் பிதுக்குவதற்கு நம்மிடம் போதுமான அனுபவம் இருக்கிறது.

இதற்கென்றே ஒரு கதையும் வைத்திருக்கிறோம். பிள்ளை வெல்லம் அதிகம் தின்கிறான் என்று அம்மா ஒரு பெரியவரிடம் கூட்டிப்போகிறாள். சில நாள் கழித்து வா என்று அவர் அனுப்பிவிடுகிறார். மறுபடி போனதும் பையனிடம் "வெல்லம் தின்னாதே" என்கிறார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்டால், "அன்றைக்கு நானே வெல்லம் தின்றுகொண்டிருந்தேன்" என்கிறார். காந்தி என்றும் ராமகிருஷ்ணர் என்றும் ஆளுக்கொரு பெயரைப் போட்டுச் சொல்வார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு நல்ல கதை. ஆஸ்பத்திரிக்கு உதவாது. காலில் ஆறாத புண்ணோடும் 400-ஐத் தொட்ட சர்க்கரையோடும் வந்து உட்கார்ந்திருப்பவரிடம், "நான் முதலில் இளைத்துக்கொள்கிறேன், தை பிறந்ததும் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. அந்தப் பெரியவர் தாமதித்ததால் பையனுக்குக் கொஞ்சம் வெல்லம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இங்கே தாமதித்தால் விரல் போகும்.

சரி, சொல்கிறவர் தானும் செய்கிறார் என்று தெரிந்தால் கேட்பவர் மனம் அசையுமா? அசையும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு இரண்டு வீடியோக்களில் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டிலும் டாக்டர் உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் அதே ஆலோசனையைத்தான் சொல்கிறார். ஒன்றில் மட்டும் கூடுதலாக அரை நிமிடம் தன் சொந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். மேஜைமேல் ஒரு ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் தெரிகின்றன. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு டாக்டர்மேல் நம்பிக்கையும் கூடியிருந்தது, அவர் சொல்வதைச் செய்து பார்க்கலாம் என்ற எண்ணமும் கூடியிருந்தது. ஒரு ஆப்பிளும் ஒரு ஹெல்மெட்டும் அரை நிமிடப் பேச்சும் போதுமாக இருந்தன.

இதைப் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இங்கேதான் பயம் வருகிறது. அந்த ஆப்பிளை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். நடந்த விஷயம்தான் இது. 1946-இல் அமெரிக்காவின் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் கேமல் சிகரெட்டுக்கு விளம்பரம் செய்தது. டாக்டர்கள் வேறு எந்த சிகரெட்டையும்விட கேமலைத்தான் அதிகம் பிடிக்கிறார்கள் என்பதுதான் அதன் வாசகம். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட, பார்த்ததும் கும்பிடத் தோன்றும் டாக்டர்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டாக்டர்களிடம் கேட்டோம் என்று கணக்கும் காட்டினார்கள். கேட்ட விதம் என்னவென்றால், மருத்துவ மாநாடுகளில் டாக்டர்களுக்குக் கேமலை இலவசமாகக் கொடுத்துவிட்டு, "உங்களிடம் இப்போது என்ன சிகரெட் இருக்கிறது?" என்று விசாரித்தார்கள்.

கேமல் டாக்டரும் ஆப்பிள் டாக்டரும் நம் மனதில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். "அவரே செய்கிறார், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்." ஆப்பிள் விஷயத்தில் அது சரியாகப் போனது ஆப்பிளின் புண்ணியம். டாக்டரின் பழக்கத்தைப் பார்த்து அறிவுரையின் தரத்தை எடைபோடும் வழக்கம் நமக்கு எவ்வளவு நல்லது செய்யுமோ அவ்வளவு கெடுதலும் செய்யும்.

அதே சிகரெட்டின் மறுபக்கம் இங்கிலாந்தில் நடந்தது. என்னைக் கேட்டால் முன்மாதிரி பற்றிப் பேசுகிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். 1940-களின் கடைசியில் அங்கே பத்து ஆண்களில் எட்டுப் பேர் புகைத்தார்கள். டாக்டர்களும் ஊரோடு ஒத்துத்தான் புகைத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் ஏறிக்கொண்டே போனது. ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞரும் காரணம் தேடிக் கிளம்பினார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் சாலையில் போடும் தார்மேலும் வண்டிப் புகைமேலும்தான். மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்த விவரம் சேரச் சேர, சிகரெட் என்று தெளிவாகிவிட்டது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார். யாருக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று விட்டதாகத் தெரியவில்லை. தன் கையால் கூட்டிய கணக்கை அவரே நம்பினார்.

1950-இல் முடிவு வெளிவந்தது. 1951-இல் இருவரும் பிரிட்டனின் டாக்டர்கள் அத்தனை பேருக்கும், சுமார் 60,000 பேருக்கு, நீங்கள் புகைப்பீர்களா, எவ்வளவு என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். 40,000-க்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். பெயர்கள் மருத்துவப் பதிவேட்டில் இருந்ததால் யார் எப்போது, எதனால் இறந்தார் என்று கடைசிவரை பின்தொடர முடிந்தது. 1954-இலேயே புகைத்த டாக்டர்களின் மரணங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டன. ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004-இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்திருந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்து ஆண்டையும் மீட்டிருந்தார்கள். அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டு கிடைத்திருந்தது. டால் அடுத்த ஆண்டு, தன் 92-ஆவது வயதில் காலமானார்.

சிகரெட்டை விடுங்கள் என்று இன்று எந்த மருத்துவர் சொன்னாலும், அந்தப் பேச்சின் அடியில் புகைத்துச் செத்த ஆயிரக்கணக்கான டாக்டர்கள் இருக்கிறார்கள். சொன்னபடி நடக்காதவர்கள்தான் நமக்கு ஆதாரமானார்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை பிரிட்டன் அரசு ஏற்கிறது என்று 1954 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்த சுகாதார அமைச்சர் இயன் மக்லௌட், அந்தக் கூட்டம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அங்கே நம் கண்டக்டர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். ஆனால் மக்லௌட் வாயிலிருந்து வந்த தகவலில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

உடம்பைச் சாட்சிக்கு அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் அட்கின்ஸ் கதை. மாவுச்சத்தைக் குறை, கொழுப்பைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லி உலகம் முழுக்கப் புகழ்பெற்ற அமெரிக்க இதய மருத்துவர். நம் பேலியோ டயட்காரர்களுக்குத் தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003 ஏப்ரலில் நியூயார்க்கில் பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். மறு ஆண்டு அவருடைய மரண அறிக்கை வெளியே கசிந்தது. அதில் எடை 258 பவுண்டு, அதாவது சுமார் 117 கிலோ என்று இருந்தது. "பார்த்தாயா, அவரே குண்டு" என்று எதிர்த்தரப்பு கொண்டாடியது. மருத்துவமனையில் சேர்த்தபோது அவர் எடை 195 பவுண்டுதான், நினைவிழந்து கிடந்த நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று அவர் தரப்பு பதில் சொன்னது. எனக்கு அந்த உணவுமுறையில் சில கேள்விகள் உண்டு. ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அட்கின்ஸின் பிரேதத்தை எடைபோட்டுப் பதில் கண்டுபிடிக்க முடியாது. ஓர் உடம்பு எதையும் நிரூபிக்காது. இளம் வயதில் ஓர் இதய மருத்துவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில், "டாக்டருக்கே இப்படி, அப்புறம் எதுக்கு நடக்கணும்?" என்று ஃபார்வேர்டு சுற்றுகிறதே, அதுவும் இதே ரகம்தான்.

என் எடைக்கே வருகிறேன். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. இரண்டு பிரசவம். தைராய்டு மாத்திரை. இதையெல்லாம் கண்டக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்ன பாடம் கிடைக்கும்? "பரம்பரையா வர்றதுக்கு நாம என்ன பண்ண முடியும்" என்று அவரும் எழுந்து போயிருப்பார்.

கூச்சம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கூச்சத்துக்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் 500 மருத்துவர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், எடை சரியாக இருந்த மருத்துவர்களில் 30 சதவீதம் பேர் பருமனான நோயாளிகளிடம் எடைக் குறைப்பு பற்றிப் பேசினார்கள். எடை கூடிய மருத்துவர்களில் 18 சதவீதம்தான் பேசினார்கள். இது எனக்குப் புரிகிறது. "நாம எந்த மூஞ்சியோட சொல்றது" என்று தோன்றும், பேச்சு மாத்திரைப் பக்கம் போய்விடும். ஆக, மெலிந்தவர்தான் எடையைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு விதி வைத்தால், அந்த விதியால் நஷ்டப்படுவது குண்டு டாக்டர் இல்லை, அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

மெலிந்தவர்கள் மட்டும் நன்றாகச் சொல்கிறார்களா? எங்கள் டாக்டர்களில் ஒருவர் மாரத்தான் ஓடுபவர். நல்ல மனிதர், நல்ல மருத்துவர், நோயாளிகளுக்கு அவரைப் பார்த்தாலே ஒரு பிரமிப்பு. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் அவர், "உங்களுக்காக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் என் அறைக்கு வந்து அழுதார். "காலைல பத்து மணிக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்னுட்டே இருக்கேங்க. வீட்டுக்குப் போய் மாவரைக்கணும். இதுல எங்க நடக்கறது?" கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். டாக்டருக்கு ஓடுவது பிடிக்கும். பிடித்ததைச் செய்வது சுலபம். சுலபமாக வந்ததை அடுத்தவருக்குச் சொல்லும்போது, அதைச் செய்ய முடியாதவர் சோம்பேறியாகத்தான் தெரிவார்.

இதுவரை படித்தவர்கள், இந்தம்மா தன் தொப்பைக்கு வக்கீல் வைக்கிறார் என்று நினைத்திருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். செய்தே ஆக வேண்டும், சாக்கே சொல்லக் கூடாது என்று நான் நினைக்கும் இடங்களும் உண்டு.

என் தொப்பை என்னோடு போகும். என் கை அப்படி இல்லை. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் நடந்தது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் சாவு மிகக் குறைவு. டாக்டர்கள் பிணவறையில் அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பெரிய டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கையா அழுக்கு என்று கோபித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. கை சுத்தம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில், கை கழுவும் விதியைச் சரியாகப் பின்பற்றாமல் போவதற்கான காரணங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று, அவர் செவிலியராக இல்லாமல் டாக்டராக இருப்பது. எங்கள் வார்டிலும் பார்க்கிறேன். கட்டில் காலடியில் ஹேண்ட் ரப் பாட்டில் மாட்டியிருக்கும். சிஸ்டர்கள் போகிற போக்கில் ஒரு அழுத்து அழுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். ரவுண்ட்ஸ் வரும் கூட்டத்தில் முன்னால் வருகிறவர் அழுத்தினால் பின்னால் வரும் ஐந்து பேரும் அழுத்துவார்கள். அவர் அழுத்தாமல் போனால் ஐந்து பேரும் அழுத்தாமல் போவார்கள். முன்மாதிரி என்று ஒன்று வேலை செய்வதை என் கண்ணால் தெளிவாகப் பார்த்தது இங்கேதான். பார்த்துக் கற்றது நோயாளி இல்லை, ஜூனியர் டாக்டர்.

தடுப்பூசியும் அப்படித்தான். 2021 ஜனவரி 16-இல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையே சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் கொடுத்தார்கள். முதல் சில நாள் எங்கள் ஆட்களே தயங்கினார்கள். ஜனவரி 22-இல் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், அவரும் எம்.பி.பி.எஸ். படித்தவர், சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். போட்டோ எடுத்துப் போடுகிறார் என்று சிலர் கேலி செய்தார்கள். அந்த போட்டோ தேவைப்பட்டது என்றுதான் சொல்வேன். "எனக்குப் போடத் தைரியமில்லாததை உனக்குப் போடுகிறேன்" என்று எவரும் சொல்லக் கூடாது. அதுவும் தவிர, ஊசி போட்டுக்கொள்ளாத செவிலியரிடமிருந்து கட்டிலில் இருப்பவருக்கு நோய் போய்ச் சேரும். என் மூன்று இட்லி கணக்கு தப்பினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது.

என் தொப்பைக்கும் என் கைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. என்னை எதிலாவது பிடிக்க வேண்டுமென்றால் அதில் பிடியுங்கள். நான் எழுதித் தரும் உணவுச் சீட்டை நானே வாழ்ந்து பார்த்திருக்கிறேனா? இளைத்தேனா என்பது வேறு. செய்து பார்த்தேனா?

ராபின் லாரன்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார், ஸ்காட்லாந்துக்காரர். இளம் வயதில் சர்க்கரை நோய் வந்தது, இன்சுலின் இல்லாத காலம். சாகத்தான் போகிறோம், லண்டன் குளிரில் குடும்பத்தின் கண்ணெதிரே வேண்டாம் என்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குப் போய், முடிந்த அளவு அங்கே மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1923-இல் இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வா என்று நண்பர் தகவல் அனுப்பினார். தட்டுத்தடுமாறி லண்டன் வந்து சேர்ந்து, மே 31 அன்று கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டார். பிறகு அதே மருத்துவமனையில் நாட்டின் மிகப் பெரிய சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் ஒன்றை உருவாக்கினார். தன் நோயாளியான எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து 1934-இல் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் இன்றைய டயபெடிஸ் யுகே. 1968 வரை வாழ்ந்தார்.

என் தொழிலுக்கு அவர் விட்டுப்போனது அவருடைய உணவுத் திட்டம். மாவுச்சத்துப் பங்குகளைக் கறுப்பாகவும், புரதமும் கொழுப்பும் சேர்ந்த பங்குகளைச் சிவப்பாகவும் அட்டையில் அச்சடித்து, கறுப்பில் ஒன்று சிவப்பில் ஒன்று என்று எடுத்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டார். தினமும் அதே காய், அதே அளவு என்று சாப்பிடுவது எப்படி வெறுத்துப்போகும் என்று தன் தட்டில் கண்ட மனிதருக்குத்தான், மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வழி வேண்டும் என்று தோன்றும். பக்கத்து வீட்டில் விருந்து இருக்கும், பசி நேரம் தவறும், ஊசி போட்டபிறகு சாப்பாடு தாமதமானால் கை நடுங்கும். இதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி. அவருக்கு அது ஒரு நாள்.

எனக்குச் சர்க்கரை இன்னும் வரவில்லை. ஆனாலும் புதிதாக ஒரு திட்டம் எழுதினால் கொஞ்ச நாள் அதைச் சாப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. கிளுக்கோமீட்டரில் விரலைக் குத்தியும் பார்ப்பேன். கேழ்வரகு சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம்பிக்கை. நைசாக அரைத்த மாவில் பெரிய உருண்டையாகக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்போடு திருப்தியாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினேன். 158 காட்டியது. அதே நான் இரண்டு இட்லியும் நிறையக் காய் போட்ட சாம்பாரும் சாப்பிட்ட நாளில் அவ்வளவு ஏறவில்லை. களி கெட்டது என்று அர்த்தமில்லை, உருண்டை பெரிது என்று அர்த்தம். இதை நான் விரலைக் காட்டிச் சொல்லும்போது மணப்பாறை அக்காக்கள் கேட்கிற விதமே வேறு.

இன்னும் சில விஷயங்கள் தட்டில்தான் தெரிந்தன. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம், வால்நட் என்று எழுதுவது எங்கள் படிப்பில் வழக்கம். வாங்கிப் பார்த்தால்தான் அது எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிகிறது. வறுத்த கடலையும் வேகவைத்த சுண்டலும் என்று சீட்டு மாறியது அப்படித்தான். இரவு ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள் என்று எழுதியதை நான் செய்து பார்த்தபோது பத்து மணிக்கு எனக்கு வந்த பசியில் வீட்டில் எல்லோர்மேலும் விழுந்தேன். அப்புறம் அந்த வரிக்குக் கீழே "பசித்தால் ஒரு டம்ளர் மோர்" என்று சேர்த்தேன். கண்டக்டரின் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் என்று இருந்தால் இந்த மோர்தான்.

இதே காரணத்துக்காகத்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களை எனக்குப் பிடிக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த உள்ளூர்ப் பெண்கள், பிரஷர், சுகர் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். லால்குடிப் பக்கம் ஒரு தன்னார்வலருக்கு அவருக்கே சுகர். "அக்கா, நான் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடுறேன், இல்லன்னா வயித்தப் பெரட்டும். நீங்களும் அப்படியே போடுங்க" என்று அவர் சொல்வதில் அவர் ஒல்லியா குண்டா என்பதை எவரும் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. ஆளை முன்மாதிரியாக இரு என்று கேட்கிறவர்கள் இடத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. எங்கள் கேன்டீனில் காலை பதினோரு மணிக்கு இருப்பது போண்டா, பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ. சர்க்கரை போடாத டீ கேட்டால் தனியாகப் போட வேண்டும், ஐந்து நிமிடம் ஆகும் என்பார் டீ மாஸ்டர். அந்த ஐந்து நிமிடம் எந்த சிஸ்டருக்கும் கிடையாது. நைட் டியூட்டி சிஸ்டர் இரவு இரண்டு மணிக்குச் சாப்பிடுவது பிஸ்கெட். தீபாவளிக்கு மருந்துக் கம்பெனிகளிடமிருந்து வருவது கிலோ கிலோவாக ஸ்வீட், அதுவும் சுகர் மாத்திரை விற்கும் கம்பெனிகளிடமிருந்து. அரசு மருத்துவமனைகளில் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்று மத்திய அரசின் திட்டம் 1992-லேயே சொல்லிவிட்டது. மேற்படிப்புப் படிக்கும் எந்த பிஜி டாக்டரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். முப்பது மணி நேரம் கண் மூடாத ஒருவர் எதிரே வருகிறவரிடம் "நன்றாகத் தூங்குங்கள்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. அவர் தூங்காதது அவர் குற்றம் இல்லை.

போன மாதம் எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. வரவேற்பறைச் சுவரில் "எங்கள் ஆரோக்கியக் குழு" என்று தலைப்புப் போட்டு, டாக்டர்களும் ஊழியர்களும் ஓடுவது, யோகா செய்வது, சாலட் சாப்பிடுவது போலப் படம் எடுத்து மாட்டலாம் என்று. போட்டோகிராபருக்குத் தேதியும் குறித்தாயிற்று. என்னிடம் மேலாளர் பக்குவமாக, "மேடம், நீங்க வேணும்னா அன்னிக்கு லீவ் எடுத்துக்கலாம்" என்றார். கோபப்படக்கூடத் தோன்றவில்லை, அவர் முகம் அவ்வளவு சங்கடமாக இருந்தது. பதிலுக்கு நான் ஒரு பட்டியல் கொடுத்தேன். வார்டு வாரியாகக் கை கழுவும் கணக்கை மாதாமாதம் அந்தச் சுவரில் ஒட்டுவோம், யார் யார் என்ன தடுப்பூசி போட்டோம் என்று போடுவோம், கேன்டீனில் இன்றைக்கு என்ன என்பதையும் எழுதுவோம், நோயாளிகள் படிக்கட்டும். அவர் முழுதாகப் படித்தார். கை கழுவும் கணக்கை ஒட்டினால் பெரிய டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். கேன்டீன் கான்ட்ராக்ட் மார்ச் வரைக்கும் இருக்கிறதாம், அதற்குமுன் ஒன்றும் செய்ய முடியாதாம். படம் எடுப்பதும் தள்ளிப்போய்விட்டது, மாரத்தான் டாக்டருக்கு முழங்காலில் வலி. சர்க்கரை போடாத டீக்கு மட்டும் தனி ஃபிளாஸ்க் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பத்தரைக்கு வைக்கிறார்கள், பதினொன்றேகாலுக்குள் காலியாகிவிடுகிறது.